அப்பச்சிக்குப் போட்ட எட்டு ஊசி

கேள்வி: பள்ளத்தூர் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். நான்கு மாதத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுப் படைப்பு (முன்னோருக்குச் செய்யும் பூஜை) அன்று காலை, பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அப்பச்சி, அதாவது என் அப்பா, அப்படியே சாய்ந்துவிட்டார். வயது 66. சுகர், பிரஷர் உண்டு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதல். முந்தின நாள் ராத்திரி நெஞ்சைக் கரிக்கிறது என்றார், ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விழுந்ததும் கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து முகப்புக் கதவின் இரும்புச் சாவியைக் கையில் கொடுத்துப் பிடித்தார்கள். கொர் கொர் என்று மூச்சு வந்துகொண்டிருந்தது. 108 வர இருபது நிமிடம் ஆனது. வந்தவர்கள் நெஞ்சை அமுக்கிக்கொண்டே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் 35 நிமிடம் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்றார்கள். சீட்டில் அட்ரினலின் எட்டு முறை, கால்சியம் ஒன்று, சோடா பைகார்ப் ஒன்று என்று இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் நெட்டில் படித்துவிட்டு, அமியோடரோன் போடாததால்தான் போய்விட்டார், கேஸ் போட வேண்டும் என்கிறார். கம்பவுண்டராக இருந்த அம்மான், அட்ரோபின் ஏன் போடவில்லை என்கிறார். நேராக இதயத்தில் குத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் சொன்னது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எட்டு ஊசி அதிகமா, குறைவா? அடுத்த மாதம் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, ஆத்தாவுக்கும் பிரஷர். அவசரத்துக்கு என்ன மருந்து வாங்கி வைக்கலாம்?

பதில்:

நீங்கள் அனுப்பிய சீட்டின் நகலை இரண்டு முறை படித்தேன் அம்மா. முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எட்டு அட்ரினலின் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இதயம் நின்ற பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கு, அந்தக் கணக்குப்படி 35 நிமிடத்துக்கு ஏழிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு வரை வரும். எட்டு என்பது ஒழுங்காக நேரம் பார்த்துப் போட்டவர்கள் எழுதிய எண். அமியோடரோன் போடாதது தவறில்லை, அட்ரோபின் போடாததும் தவறில்லை. நெஞ்சில் குத்தாமல் விட்டது சரி.

ஏன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அட்ரினலின் ஆம்பியூல் உங்கள் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். பழுப்புக் கண்ணாடி, உள்ளே 1 மில்லி. கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் எடுத்து, கையில் ரத்தக் குழாயில் போட்டிருக்கும் ஐவி வழியாகச் செலுத்தி, பின்னாலேயே 20 மில்லி சலைன் தள்ளி, அந்தக் கையைத் தூக்கிப் பிடிப்போம். எங்கள் பக்கம் சிஸ்டர்கள் காலியான ஆம்பியூல்களைக் குப்பையில் போட மாட்டார்கள், ட்ரேயில் வரிசையாக வைப்பார்கள், கடைசியில் எண்ணிப் பார்த்து எழுத. கையை ஏன் தூக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இதயம் நின்றுவிட்டது, அதனால் ரத்தம் ஓடவில்லை. முழங்கை மடிப்பில் ஏற்றிய மருந்து தானாக எங்கேயும் போகாது, அங்கேயே கிடக்கும். அதை நெஞ்சுக்குக் கொண்டுபோகிற ஒரே வேலை, நெஞ்சை அமுக்குகிறவரின் இரண்டு கைக்குத்தான் இருக்கிறது. நன்றாக அமுக்கினாலும் மருந்து போய்ச் சேர ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். அமுக்குவதை நிறுத்திவிட்டுப் போடுகிற ஊசி எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் உடம்பில் வேலை செய்யாது.

போய்ச் சேர்ந்ததும் அது என்ன செய்கிறது? உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. கை, கால், குடல் என்று பரவிக் கிடக்கிற ரத்தம் நடுவுக்கு வருகிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயான மகாதமனியில் அழுத்தம் ஏறுகிறது. அமுக்கிய கை மேலே எழும்புகிற அந்த நொடியில், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி குழாய்களுக்குள் கொஞ்சம் ரத்தம் இறங்குகிறது. இதயத் தசைக்கு அந்தக் கொஞ்சம் போதுமானால் அது மறுபடி துடிக்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அது ஒரு முட்டுக் கொடுப்பு. உயிரை ஊதிக் கொடுக்கிற மருந்து என்று பலரும் நினைப்பதுபோல இல்லை.

அந்த முட்டுக் கொடுப்பு எவ்வளவு உதவுகிறது என்பதையே இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின் பெயர் பாராமெடிக் 2. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ற எண்ணாயிரம் பேருக்கு மேல். பாதிப் பேருக்கு அட்ரினலின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று போடுகிறவருக்கே தெரியாது. அட்ரினலின் போட்டவர்களில் 100-க்கு 36 பேருக்கு இதயம் மறுபடி துடித்தது, போடாதவர்களில் 12 பேருக்குத்தான். பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முப்பது நாள் கழித்து உயிரோடு இருந்தவர்களை எண்ணினால் அட்ரினலின் பக்கம் 100-க்கு 3.2, உப்புத் தண்ணீர் பக்கம் 2.4. மூளை நல்ல நிலையில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் 2.2-ம் 1.9-ம், அதாவது வித்தியாசம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. அட்ரினலின் வாங்கிப் பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட கடுமையான மூளைப் பாதிப்பு. இந்த எண்களை நான் முதன்முதலில் படித்த ராத்திரி தூங்கவில்லை. எத்தனை வருடமாக அந்தப் பழுப்பு ஆம்பியூலை நம்பி நின்றிருக்கிறேன். இன்றும் போடுகிறேன், போடத்தான் வேண்டும், 100-இல் ஒருவர் கூடுதலாகப் பிழைத்தாலும் அவர் ஒரு வீட்டுக்கு அப்பச்சி. ஆனால் அது எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்று தெரிந்து போடுகிறேன்.

சரி, அண்ணன் கேட்ட அமியோடரோன். இதயம் நின்றுபோவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் இதயம் சும்மா கிடக்காது, மின்சாரம் தாறுமாறாக ஓடிப் புழுக்கூட்டம்போல நெளிந்துகொண்டிருக்கும், ரத்தத்தை மட்டும் வெளியே தள்ளாது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று சொல்வோம். இதற்குத்தான் நெஞ்சில் கரண்ட் ஷாக். மூன்று ஷாக் கொடுத்தும் அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மில்லிகிராம், தேவைப்பட்டால் இன்னொரு 150, அது இல்லாவிட்டால் லிக்னோகெய்ன். தாறுமாறாக ஓடுகிற மின்சாரத்தைத் தணிக்கிற மருந்து அது. இன்னொரு விதத்தில் மின்சாரமே இருக்காது, மானிட்டரில் நேர்கோடு. உங்கள் சீட்டில் 'அசிஸ்டோலி' என்று எழுதியிருப்பது அதுதான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மாட்டிய கருவியும் ஷாக் தேவையில்லை என்று சொன்னதாக மேலே குறித்திருக்கிறார்கள், பாருங்கள். அடங்கிப் போன அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? நேர்கோட்டுக்கு அமியோடரோன் போட்டால் உதவாது என்பது மட்டுமில்லை, மீண்டும் துளிர்க்கப் பார்க்கிற துடிப்பையும் அது அமுக்கிவிடக்கூடும். அந்த டாக்டர் போடாமல் விட்டது மறதியால் இல்லை.

அண்ணன் படித்திருக்கக்கூடிய ஆய்வும் எனக்குத் தெரியும். 2016-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்தது, ஷாக்குக்கு அடங்காத மூவாயிரம் பேர். அமியோடரோன் போட்டவர்களில் 24.4 சதவீதம் பேர் வீடு திரும்பினார்கள், லிக்னோகெய்னில் 23.7, வெறும் தண்ணீரில் 21. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து, விழுவதைப் பார்த்தவர்கள் என்று தனியாக எடுத்தால், மருந்து போட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். சீக்கிரம் கிடைத்தால் மருந்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அம்மானிடம் சொல்லுங்கள், அவர் வேலை பார்த்த காலத்தில் அட்ரோபின் போடுவதுதான் முறை, அவர் சொல்வது பொய்யில்லை. நேர்கோட்டுக்கு அட்ரோபின் பயன் தருவதாகத் தெரியவில்லை என்று 2010-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிமுறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே மருந்து பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்குத் தெய்வம்; நம் மாவட்டத்தில் ஒரு ராத்திரியில் ஒருவருக்கே பெட்டி பெட்டியாக உடைத்திருக்கிறோம். மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்கக் கூடாது, எதனால் இதயம் நின்றது என்றுதான் கேட்க வேண்டும். கால்சியமும் சோடா பைகார்பும் அப்படித்தான். எல்லோருக்கும் கொடுத்தால் கால்சியம் நல்லது செய்வதில்லை. டென்மார்க்கில் 2021-இல் அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, கெடுதல் செய்கிறதோ என்ற பயத்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனால் கிட்னி பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்பதுண்டு, அங்கே கால்சியமும் பைகார்பும் பிழைக்க வைக்கும். அப்பச்சிக்குக் கிரியாட்டினின் கூடுதல் என்று உங்களில் யாரோ வாசலிலேயே சொல்லியிருக்கிறீர்கள், அந்த டாக்டர் அதைக் காதில் வாங்கி, அதுவாக இருக்குமோ என்று யோசித்து ஒவ்வொன்று போட்டிருக்கிறார். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சீட்டில் அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்கு முகம் தெரியாத அந்த டாக்டர் மேல் மரியாதை வந்தது.

நெஞ்சில் நேராகக் குத்துவது ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்ததுதான். நீள ஊசி இதயத்தின் ரத்தக் குழாயைக் கிழிக்கும், நுரையீரலை ஓட்டை போடும், குத்துவதற்காக அமுக்குவதையும் நிறுத்த வேண்டும். அதனால் கைவிட்டார்கள். நரம்பு கிடைக்காவிட்டால் இன்றைக்குக் கால் எலும்பில் ஊசி இறக்கி அதன் வழியாக மருந்து கொடுக்கிறோம். அந்தப் பையனைத் திட்ட வேண்டாம், சினிமாவில் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான், அதனால் சொல்கிறேன், கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நேர்கோடு. பட்டாலையில் விழுந்த நிமிடத்திலும் நேர்கோடாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் நெஞ்சு கரித்து, மறுநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சாய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வருவது அந்த நெளிகிற இதயம்தான். ஷாக்கும் இல்லாமல் நெஞ்சை அமுக்கவும் ஆளில்லாமல் போனால், பிழைக்கிற வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வீதம் குறையும், நெளிவு மெல்ல மெல்ல அடங்கி நேர்கோடாகும். கை கால் வெட்டி இழுத்ததே, அது மூளைக்கு ரத்தம் நின்றதால் வந்தது. கொர் கொர் என்று வந்தது மூச்சு இல்லை அம்மா, அது கடைசி இழுப்பு. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வரும். அதைப் பார்த்து, உயிர் இருக்கிறது, தொடாதே, காற்று விடு என்று கூட்டம் விலகி நிற்பதை எத்தனையோ வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாவி கொடுத்தவர்களும் அன்போடுதான் கொடுத்தார்கள்.

இதை உங்கள் தலையில் குற்றமாக ஏற்றிக்கொள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில் ஒருவருக்குக்கூட நெஞ்சை அமுக்கத் தெரியவில்லை என்றால், சொல்லிக் கொடுக்காத எங்கள் மேல்தான் பிழை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை, வரிசை கட்டி நிற்கிற வெளிநோயாளிகளில் ஒருவரிடம்கூட நான் இத்தனை வருடத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. உடனே அமுக்கியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு எந்த ஊசிக்கும் செய்ய அதிகம் மிச்சமில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். அண்ணனுக்கு இந்த ஒரு வரியை மட்டுமாவது அனுப்புங்கள். தூரத்தில் இருந்து தகப்பனைப் பறிகொடுத்தவருக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருக்கும், அது இயல்பு. அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் கேஸுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் ரிதம் ஸ்ட்ரிப்பின் (மானிட்டரில் வந்த கோட்டைப் பதிந்த தாளின்) நகல் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து விளக்குகிறேன்.

அப்புறம், என்ன மருந்து வாங்கி வைக்கலாம் என்ற கேள்வி. விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறவருக்கு வீட்டில் கொடுக்க ஒரு மருந்தும் கிடையாது. வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டை நம் பக்கம் பலர் மடியில் முடிந்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தவர், நினைவோடு உட்கார்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளலாம், அதுவும் பிரஷர் இறங்கியிருந்தால் கூடாது. நின்ற இதயத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாத்திரைக்கு நேரம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அந்த ஓமத்தண்ணீர் ராத்திரிதான் அது. நெஞ்சு நடுவில் அழுத்தம், கரிப்பு, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத வேர்வை, அதிலும் சுகர் உள்ளவருக்கு வெறும் மூச்சிரைப்பு மட்டும் வந்தால்கூட, வாயுத் தொல்லை என்று நினைத்து விடிய விடியக் காத்திருக்கக் கூடாது. 108-க்கு அடித்துவிட்டு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவரோ அல்சர், ரத்தக்கசிவு உள்ளவரோ இல்லை என்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். ராத்திரி என்று பார்க்காமல் கதவைத் தட்டுங்கள். ஆத்தாவுக்கு விசேஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின் அவர்களுக்கு ஆகுமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றது கைதான். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை அல்லது கொர் கொர் என்று இருக்கிறது என்றால், ஒருவர் 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கட்டும், இன்னொருவர் உடனே ஆரம்பிக்க வேண்டும். கட்டிலிலோ மெத்தையிலோ இல்லை, உங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரைதான் சரியான இடம், அமுக்கினால் கீழே கொடுக்காது. பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழம், அதிகம் போனால் 6, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கலாம், நிறுத்த வேண்டாம். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், அடுத்தவர் மாற வேண்டும். வாயோடு வாய் ஊதத் தெரியவில்லை என்றால் வேண்டாம், அமுக்கினாலே போதும். ஆம்புலன்ஸ் ஆள் வந்து தோளைத் தொடும் வரை நிறுத்தக் கூடாது. அவர்கள் போடப்போகிற அட்ரினலினுக்கு வழி வைத்திருப்பது நீங்கள்தான்.

விசேஷத்துக்கு வரும் பிள்ளைகளில் திடமான ஆறு பேரை முந்தின நாள் உட்கார வைத்து, கெட்டியான தலையணையில் பழகச் சொல்லுங்கள். தேதியை எழுதுங்கள், அன்றைக்கு எனக்கு டூட்டி இல்லையென்றால் பயிற்சி பொம்மையோடு நானே வருகிறேன். இன்னொன்று, உங்கள் வீடு முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கிற வீடாகத்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் பின்வாசலில் வந்து நின்று வழி தேடிக்கொண்டிருந்த கதை எனக்கு நிறையத் தெரியும். போனில் முகப்பு எந்தத் தெரு என்று சொல்லுங்கள், தெருமுனையில் ஒரு பையனை நிறுத்துங்கள், அன்று முழுக்க இரண்டு பக்கக் கதவும் பூட்டாமல் இருக்கட்டும்.